இருட்டுக் கதையைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகனின் பையில் சூனியமும் பிணமும் நிறைந்த ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் இருந்ததாகவும், அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும், இப்படிப்பட்ட புத்தகங்களைப் பள்ளி நூலகங்களிலிருந்தே அகற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிள்ளை மீது அக்கறை இல்லாத தகப்பன் இப்படி எழுத மாட்டார். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் பூட்டி வைத்தது எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியாது. நான் அண்மையில் கேட்டு முடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதிலும் சூனியம் உண்டு, பிணம் உண்டு. அதுவும் இளம் வயதினருக்காக எழுதப்பட்டதுதான்.

கேட்டு முடித்த என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நான் உசிலம்பட்டியில் மாவு மில் வைத்திருப்பவன். ஏழாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றது. தமிழ் வாசிப்பை மட்டும் விடவில்லை. என் மூத்த மகள் மதுரையில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு நாவலைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மாலை மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டது. கம்பு அரைக்க வந்த பாட்டி ஒருவர் மில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளிச்சத்துக்காக மகளும் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "என்ன கதை தாயி?" என்று பாட்டி கேட்டார். "மில்லுக்கு வேலைக்குப் போன ஒரு பையனின் கதை பாட்டி" என்றாள். மில் என்றதும் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அன்று தொடங்கி, மில்லை அடைத்த பிறகு பதினோரு இரவுகள் அந்தக் கதை எங்கள் வீட்டில் நடந்தது.

நாவலின் பெயர் 'கிராபாட்'. எழுதியவர் ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லர் என்ற ஜெர்மன் எழுத்தாளர். 1971-இல் வெளிவந்து, மறு ஆண்டே ஜெர்மனியின் இளைஞர் இலக்கிய விருதைப் பெற்ற நூல். ஆந்தியா பெல் என்ற அம்மையார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

கதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய ஜெர்மனியில் உள்ள சாக்சனி நாட்டின் சதுப்புக் காடுகளில் நடக்கிறது. கிராபாட் பதினான்கு வயது அநாதைப் பையன். கடும் பனிக்காலத்தில் வேறு இரண்டு பையன்களோடு சேர்ந்து, காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, ஏசுவைக் காணப் போன மூன்று அரசர்களைப் போல வேடமிட்டு ஊர் ஊராகப் பாடிப் பிச்சை எடுக்கிறான். இரவில் கனவு வருகிறது. ஒரு கழியில் பதினோரு அண்டங்காக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன, ஓர் இடம் மட்டும் காலி. ஷ்வார்ட்ஸ்கோல்ம் ஊரின் ஆலைக்கு வா, உனக்கு நட்டம் வராது என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. போகிறான். ஒற்றைக் கண்ணை மறைத்த ஆலைக்காரன் ஒருவன், மண்டை ஓட்டின் மேல் மெழுகுவத்தி ஏற்றி, சங்கிலியால் பிணைத்த ஒரு தடித்த புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். மாவு அரைக்க மட்டும் கற்றுக்கொள்கிறாயா, மற்றதையும் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்கிறான். மற்றதையும் என்கிறான் பையன். ஆலைக்காரன் இடது கையை நீட்டுகிறான், இவனும் இடது கையைக் கொடுக்கிறான். அந்த நொடியில் நின்றுகிடந்த ஆலை ஓடத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் நான் மகளை நிறுத்தச் சொல்லி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏன் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

அடுத்து வரும் காட்சியை எழுதியவருக்கு மாவு தெரிந்திருக்கிறது. முதல் நாளே கிராபாட்டை மாவு அறையில் விட்டுப் பெருக்கச் சொல்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது, சன்னல் ஆணியடித்து மூடியிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு போகிறான். மறு மூலைக்குப் போவதற்குள் பெருக்கிய இடத்தில் மாவு மறுபடி படிந்துவிடுகிறது. மூக்கில் மாவு, தொண்டையில் மாவு, கண் இமையில் மாவு. மணிக்கணக்கில் பெருக்குகிறான். மாவு மில்லில் நின்றவர்களுக்கு இது கதை அல்ல. உலர்ந்த துடைப்பத்தை வைத்து மாவைப் பெருக்கினால் அது எழும்பி, விட்டத்தில் தங்கி, நாம் குனிந்த நேரம் பார்த்து நம் முதுகிலேயே இறங்கும். நான் சாக்கை நனைத்துப் பிழிந்து, தரையோடு இழுத்துத்தான் எடுக்கிறேன். மாவுத் தூசி அடர்ந்து பறக்கும் அறையில் தீப்பொறி விழுந்தால் வெடித்தே போகும். அந்த ஆலையில் கல் கொத்துவது, மூட்டை தூக்குவது, சலிப்பது எல்லாம் கை வேலையாகவே வருகின்றன. மந்திரக் கதைதான், ஆனால் உடம்பு நோகிற கதை.

கிராபாட் மயங்கி விழும் நிலையில் கதவு திறக்கிறது. மூத்த வேலையாள் டோண்டா உள்ளே வருகிறான். வயதில் இளைஞன், தலை முழுவதும் நரை. ஏதோ முணுமுணுத்துக் காற்றில் ஒரு கோடு கிழிக்கிறான். மாவு முழுவதும் புகைபோல எழுந்து கதவு வழியாக வெளியே போய்விடுகிறது.

என் இளைய மகனும் ஒன்பதாம் வகுப்பில்தான் படிக்கிறான். அவனும் கூடவே உட்கார்ந்து கேட்டான். வெள்ளிக்கிழமை இரவுகளில் பன்னிரண்டு பையன்களும் அண்டங்காக்கைகளாக மாறிக் கழியில் உட்கார்ந்து, ஆலைக்காரன் அந்தச் சங்கிலிப் புத்தகத்திலிருந்து வாசிக்கும் மந்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துள்ள அந்தப் புத்தகத்தின் பெயர் கொராக்டோர். ஒவ்வோர் ஆண்டும் கடைசி இரவில் பையன்களில் ஒருவன் சாகிறான். முதல் ஆண்டில் செத்தவன் டோண்டா. மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடக்கிறான். அதைக் கேட்ட இரவு என் மகன் தன் பாயை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டுப் படுத்தான். பயந்துவிட்டான், மறைக்கவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவனும் அவன்தான். கடிதம் எழுதிய தந்தைக்கு இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். பயந்த பிள்ளை தனியாகப் பயப்படவில்லை, என் பக்கத்தில் வந்து பயந்தான்.

இருட்டில் படுத்துக்கொண்டே என் மகன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, அவ்வளவு கொடுமை நடக்கிறதே, அந்தப் பையன்கள் ஏன் ஓடிப்போகவில்லை?"

ஐயா, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் நான். முப்பத்தேழு ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் மனைவிக்கே பாதிதான் தெரியும். அன்று இரவு என் பிள்ளைகளிடம் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் முறுக்குக் கம்பெனிக்குப் போனவன். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். மதுரை, தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து பையன்களை வட மாநிலங்களுக்கு அழைத்துப் போய், முறுக்குச் சுடும் வேலையில் விடுவார்கள். ஏஜென்ட் வந்து அப்பா கையில் அட்வான்ஸ் கொடுப்பார். எனக்குக் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆண்டு 1987, எனக்கு வயது பதின்மூன்று, மழை பொய்த்த காலம். கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. இரண்டையும் நான் பிற்காலத்தில் நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யாரும் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. "வருகிறாயா?" என்று ஏஜென்ட் கேட்டார். "வருகிறேன்" என்றேன். ரயிலில் போகலாம், மூன்று வேளையும் சோறு என்றார்கள். போய்ச் சேர்ந்த முதல் இரவில் ஆவி பறக்கும் சோறும் முட்டைக் குழம்பும் போட்டார்கள். அவ்வளவு சோற்றை அதற்கு முன் என் தட்டில் நான் பார்த்ததில்லை. கிராபாட்டும் அந்த ஆலையில் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறான். இதை எழுதத் தெரிந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிள்ளைகளைப் பிடிக்கும் இடம் பசி போக்கும் இடமாகத்தான் இருக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

நாவலில் மெர்ட்டன் என்ற பையன் திரும்பத் திரும்ப ஓடிப்பார்க்கிறான். எந்தப் பக்கம் நடந்தாலும் பாதை சுற்றி அவனை ஆலை வாசலுக்கே கொண்டுவருகிறது. தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான், அதுவும் முடியவில்லை. மந்திரம் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் பாதையும் அப்படித்தான் சுற்றியது. மகாராஷ்டிரத்தில் ஒரு சந்தை ஊர். மொழி தெரியாது. கையில் காசு கிடையாது. ஊருக்கு வந்துவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு அப்பாவிடம் ஆள் வரும். எங்கள் ஒவ்வொருவரின் வீட்டு முகவரியும் முதலாளியின் கணக்கு நோட்டில் இருந்தது. உடைந்த முறுக்கு, சிந்திய எண்ணெய், காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் அந்த நோட்டில் கடனாக ஏறும். கொராக்டோர் என்று மகள் சொன்னபோது எனக்குக் கண்ணில் வந்தது அந்தச் சிவப்பு அட்டை நோட்டுதான்.

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைய வேண்டும். அச்சில் பிழிந்து, எண்ணெய்க் கொப்பரையில் போட்டு எடுத்து, பாக்கெட் போட்டு, பெரிய பையன்கள் தலையில் சுமந்து லைனுக்கு, அதாவது வெளியே விற்க, போவார்கள். என் இடது முன்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அந்த ஆலையில் முதல் ஆண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சமம் என்று நாவலில் வருகிறது. ஓர் ஆண்டு கழிந்ததும் கிராபாட்டுக்குப் பதினேழு வயது ஆகிவிடுகிறது. கணக்கு சரிதான் என்று என் மகளிடம் சொன்னேன்.

அமாவாசை இரவுக் காட்சி ஒன்று இருக்கிறது. ஆலையில் ஏழு ஜோடிக் கற்கள். ஏழாவது மட்டும் எப்போதும் ஓடாது. அமாவாசை அன்று நள்ளிரவில், தொப்பியில் தீப்போல எரியும் இறகு செருகிய ஒருவன் வண்டியில் மூட்டைகளோடு வருவான். அப்போது மட்டும் ஏழாவது கல் சுழலும். அரைபடுவது எலும்பும் பல்லும். அன்றைக்கு ஆலைக்காரனும் மற்றவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுக்கும் மேலே ஒருவன் சாட்டையோடு நிற்கிறான். ஆண்டுக்கு ஒரு பையனைக் காவு கொடுக்காவிட்டால் சாக வேண்டியவன் ஆலைக்காரனே. எண்ணெய் மண்டிக்காரர் வசூலுக்கு வரும் நாளில் எங்கள் முதலாளி எழுந்து நின்று, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை எங்களுக்கு அடி பலமாக இருக்கும். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. நாவலும் ஆலைக்காரனை மன்னிக்கவில்லை. ஆனால் அவனுடைய பயத்தையும் காட்டிவிடுகிறது. இளம் வயதில் இதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது நல்லது என்றே நினைக்கிறேன்.

எழுதியவரைப் பற்றி மகள் தேடிப் படித்துச் சொன்னவை எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டன. ப்ராய்ஸ்லர் 1923-இல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டின் லிபெரெட்ஸ் நகரில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் ஹிட்லரின் படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்குப் போனார். 1944-இல் சோவியத் படையிடம் சிறைப்பட்டு, ஐந்து ஆண்டுகள் கைதி முகாம்களில் கிடந்தார். விடுதலையாகி வந்து பவேரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, குழந்தைகளுக்காகச் சிரிக்கச் சிரிக்கக் கதைகள் எழுதியவர். இந்த ஒரு நாவல் மட்டும் அவருக்கு எளிதில் பிடிபடவில்லை. நடுவில் முடியாமல் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்குவதற்காக ஒரு வேடிக்கைத் திருடன் கதையை எழுதினாராம். அது 1962-இல் வந்து பெரும் புகழ் பெற்றது. பிறகு மறுபடி ஆலைக்குத் திரும்பியிருக்கிறார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்த புத்தகம் இது. அதிகாரத்தின் கவர்ச்சியில் சிக்கிக்கொண்ட என் தலைமுறையின் கதை இது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார்.

அவர் இறந்த பிறகு இன்னொன்றும் பரவலாகத் தெரியவந்தது. இளைஞராக இருந்தபோது ஹிட்லர் இளைஞர் இயக்கத்தைப் போற்றும் ஒரு கதைப் புத்தகத்தை அவர் எழுதியிருக்கிறார், அது போர்க்காலத்தில் அச்சாகியும் இருக்கிறது. அதனால் மியூனிக் அருகே ஒரு பள்ளி அவர் பெயரை நீக்கிவிட்டது. மகள் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், எனக்குப் புத்தகம் கசந்துவிடும் என்று நினைத்து. எனக்குக் கசக்கவில்லை. இடது கையைக் கொடுத்தவன் எழுதிய கதை என்பதால்தான் அந்தக் கை குலுக்கல் அவ்வளவு மெய்யாக இருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பழைய நூலைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். முப்பத்தேழு ஆண்டுகள் வாயைத் திறக்காதவன் நான். அந்தப் பூட்டு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் பேசியிருக்க வேண்டும்.

கதையின் வேர் அவருடையது அல்ல. அது சோர்பியர் என்ற சிறிய இனத்தின் நாட்டுப்புறக் கதை. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், லாவ்சிட்ஸ் என்ற பகுதியில் வாழ்பவர்கள். ஜெர்மன் மொழியோடு ஒட்டாத ஒரு ஸ்லாவிய மொழி பேசுபவர்கள். மொத்தமே சில பத்தாயிரம் பேர்தான். இன்றும் அங்கே ஊர்ப் பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கும். பவுட்சன் நகருக்கு அவர்கள் மொழியில் புதிஷின் என்று பெயர். 1704-இல் இறந்த குரோஷிய நாட்டுக் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் கல்லறை அங்கே விட்டிஹெனாவ் ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. குரோஷியன் என்ற சொல்தான் கிராபாட் என்று மருவியதாம். பழுப்பு நிலக்கரி தோண்டுவதற்காக அவர்களுடைய ஊர்கள் பல அழிக்கப்பட்டன. நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே கரிதான். ஊர் போனாலும் கதை நின்றிருக்கிறது.

அவர்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றுதான் நாவலைத் திருப்புகிறது. ஈஸ்டர் இரவில் பெண்பிள்ளைகள் கூடி விடியும்வரை பாடுவார்கள். முன்னால் பாடும் பெண்ணுக்குக் கன்டோர்கா என்று பெயர். காட்டில் நெருப்பின் அருகே உட்கார்ந்திருக்கும் கிராபாட் தூரத்தில் அந்தக் குரலைக் கேட்கிறான். நாவல் முடியும்வரை அவளுடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. கிராபாட் தெரிந்துகொள்ளவே இல்லை. காரணம், டோண்டாவுக்கு ஒரு பெண் இருந்தாள், வோர்ஷுலா என்று அவள் பெயர். அது ஆலைக்காரன் காதுக்குப் போனது, அவள் இறந்தாள். அன்பு வைத்தவர்களின் பெயரைக்கூட மனத்துக்குள் வைத்துப் பூட்ட வேண்டிய இடம் அது. நானும் கம்பெனியில் இருந்த இரண்டு ஆண்டுகளில் என் அக்காவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

மீட்சிக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. ஒரு பெண் வந்து, என் பையனைக் கொடு என்று ஆலைக்காரனிடம் கேட்க வேண்டும். பன்னிரண்டு பேரில் தன்னுடையவன் யார் என்று அவள் சரியாகக் காட்ட வேண்டும். தவறினால் இருவருக்கும் சாவு. சமையல்கட்டில் மந்தன்போல நடித்துக்கொண்டிருந்த யூரோ என்ற பையன் இதைச் சொல்லிக்கொடுக்கிறான். அவன்தான் எல்லோரிலும் அறிவாளி. இதற்கிடையே ஆலைக்காரன் கிராபாட்டிடம், எனக்குப் பின் நீயே இந்த ஆலையை எடுத்துக்கொள் என்கிறான். கிராபாட் மறுக்கிறான். என்னைப் பொறுத்தவரை கதையின் உச்சம் அந்த மறுப்புதான்.

ஏனென்றால் அந்த மறுப்பை நான் நேரில் பார்த்தவன். எங்கள் கம்பெனியில் ஆண்டிபட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவன் இருந்தான். பதினெட்டு வயது இருக்கும். எண்ணெய்ப் புண்ணுக்கு என்ன தடவ வேண்டும், முதலாளி எந்த நேரம் எழுவார், அழ வேண்டுமானால் எங்கே போய் அழ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். முதலாளி அவனிடம், ஊருக்குப் போய் ஐந்து பையன்களைக் கூட்டிவா, உன் கணக்கை அடித்துவிடுகிறேன், பிறகு நீயே ஏஜென்ட் என்றார். நான் அப்போது பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் தலையை நிமிர்த்தாமல், "வேண்டாம் முதலாளி, நானே இருந்துகொள்கிறேன்" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன்தான் என் ஊர் முகவரியை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, லைனுக்குப் போகும்போது ஒரு தமிழ் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். 1989 தை மாதம் அக்கா தன் தோட்டை அடகு வைத்து, தாய்மாமனோடு ரயிலேறி வந்துவிட்டாள்.

நாவலின் கடைசிக் காட்சியை மகள் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஆலைக்காரன் கன்டோர்காவின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிடுகிறான். பையன்கள் அசையாமல் வரிசையாக நிற்கிறார்கள். அவள் வரிசையை ஒரு முறை கடக்கிறாள், இரண்டாம் முறையும் கடக்கிறாள். மூன்றாம் முறை நின்று, கையை நீட்டி, இவன்தான் என்கிறாள்.

என் அக்காவுக்குக் கண் கட்டவில்லை. மாமா முதலாளியிடம் பணத்தை எண்ணிக்கொண்டிருக்க, அவள் கொட்டகைக்குள் வந்தாள். நாங்கள் ஒன்பது பேர், மொட்டைத் தலை, அரைக்கால் சட்டை, தலை முதல் கால்வரை அரிசி மாவு. அக்கா எங்களைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி தாண்டிப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அக்கா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. யார் வீட்டு ஆளாவது வந்து தகராறு செய்தால் திருட்டுப் பட்டம் கட்டிப் போலீஸில் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அண்ணன்தான் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான். "போடா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கிராபாட் கடைசியில் கேட்கிறான். நீ பயந்தாய், எனக்காகப் பயந்தாய், அந்தப் பயத்தை நான் உணர்ந்தேன் என்கிறாள் கன்டோர்கா. அதைக் கேட்ட மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா இப்போது போடியில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறாள். "அன்றைக்கு என்னை ஏன் உனக்கு அடையாளம் தெரியவில்லை?" என்று கேட்டேன். "எல்லாரும் ஒரே வெள்ளை. நீ ஏன்டா தலையைக் குனிந்துகொண்டாய்? அதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். தன் மீது எனக்குக் கோபமோ, தன்னை மறந்துவிட்டேனோ என்று அவள் நினைத்திருக்கிறாள். "உன்னை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்தேன் அக்கா" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள்.

பயந்தேன் என்ற அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று நாம் அலமாரியில் பூட்டும் வகைப் புத்தகம்தான். அந்தத் தந்தையிடம் என் வேண்டுகோள் இதுதான்: பூட்டைத் திறந்து புத்தகத்தை மகனிடம் கொடுங்கள். முடிந்தால், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கும் பயமாக இருந்தால் அவன் பார்க்கட்டும்.

ப்ராய்ஸ்லரோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. கன்டோர்கா ஒருவனைக் காட்டியதும் பன்னிரண்டு பேருக்கும் விடுதலை கிடைத்துவிடுகிறது. ஆலைக்காரனுக்கு அன்று இரவே சாவு, ஆலை எரிந்துபோகிறது. கிராபாட்டும் கன்டோர்காவும் நடந்து போகும்போது, பெரிய சல்லடையிலிருந்து மாவு இறங்குவதுபோல் பனி மெல்லப் பெய்யத் தொடங்குகிறது. அந்த உவமைக்காக மட்டும் அந்தப் பக்கத்தை மகளிடம் மூன்று முறை படிக்கச் சொன்னேன். ஆனால் எங்கள் கொட்டகை எரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது எட்டுப் பேர் உள்ளே நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் குனிந்து, நான் பாதியில் விட்ட மாவைப் பிசைந்துகொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் காகம் அச்சமூட்டும் பறவை இல்லை. அமாவாசை தோறும் அப்பாவை நினைத்துச் சோறு வைப்போம். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, கழியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் காக்கைகள்தான் சோறு வைக்கும்போது நினைவுக்கு வருகின்றன. சென்ற அமாவாசையன்று அண்ணனுக்காகவும் ஒரு கவளம் வைக்கலாமா என்று கை போனது. உயிரோடு இருப்பவனுக்கு அப்படி வைக்கக் கூடாது. இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்த சோற்றை மறுபடி தட்டிலேயே போட்டுவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட முடியும் என்றால் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், இதை மட்டும் விட்டுவிடுங்கள். 1989 தை மாதம் மகாராஷ்டிரத்தில் ஒரு முறுக்குக் கம்பெனியில், அக்கா வந்து அழைத்துப்போன உசிலம்பட்டிப் பையனின் முதுகில் கை வைத்துத் தள்ளிய ஆண்டிபட்டி அண்ணன் இதைப் படித்தால், உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போட வேண்டும். என் முகவரியை உங்களிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாவு மில்காரர், உசிலம்பட்டி